ஈரச் சாக்கு போர்த்திய என்ஜின்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாகத் தெருமுனையில் காத்திருப்பார்கள். ஆள் சேர்ந்ததும் வண்டி முந்தல் தாண்டி மலையேறும். 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு போடிமெட்டு. அதற்கு அங்கிட்டு கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலக்காடுகள் விரிந்து கிடக்கும். தார்ச்சாலை இருக்கிற வரைக்கும் எந்த வண்டியும் போகும். தோட்டத்துக்குள் திரும்புகிற மண்பாதையில்தான் ஜீப்புக்கு வேலை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அந்தப் பாதையில் கல், வேர், இலைமக்கு எல்லாம் சேற்றோடு குழைந்துவிடும். நாலு சக்கரமும் சுற்றினால்தான் வண்டி நகரும்.

பொழுது சாய்ந்து அந்த ஜீப்புகள் திரும்பும்போது மலையில் கொஞ்சத்தையும் அடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

போடியில் ஒரு ஜீப் மெக்கானிக் இருக்கிறார். 1980களின் கடைசியில் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டுப் பட்டறைக்கு வந்தவர். வண்டிக்குக் கீழே தலையை நீட்டி, ஒட்டியிருக்கும் சேற்றைப் பார்த்தே அது எங்கே போய்வந்தது என்று சொல்லிவிடுவார். கறுத்து, காய்ந்தபின் விரலில் உதிர்ந்தால் ஏலக்காட்டு மண். சிவந்து, நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தால் புதிதாகப் பாதை வெட்டிய மலைச்சரிவு. வெறும் வெளிறிய புழுதி என்றால் வண்டி மலைக்கே போகவில்லை, டிரைவர் முதலாளியிடம் கதை விடுகிறார்.

இந்தச் சேற்று ஞானம் அவருக்கு விரும்பி வந்ததல்ல. பட்டறைக்காரர் அப்பாவின் கூட்டாளி, முறைக்கு மாமா. தொழில் கற்றுக்கொடுக்கச் சொல்லி விட்டால் கையில் ஸ்பேனரைக் கொடுப்பார் என்று பையன் எதிர்பார்த்தான். மாமா கொடுத்தது தேய்ந்துபோன ஒரு பிரஷ், ஒரு தகரத் தட்டு, அரை வாளி சீமெண்ணெய். ரேஷனில் ஊற்றும் நீல நிறச் சீமெண்ணெய்தான். அது எப்படிப் பட்டறைக்கு வந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. "கழுவு மாப்ள. கழுவத் தெரியாதவன் கழட்டக் கூடாது" என்றார். அந்த வருஷ மழைக்காலம் முழுக்கப் பையன் கழுவினான். அடுத்த மழைக்காலமும் கழுவினான்.

அன்றைக்குப் பட்டறைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் மகிந்திரா ஜீப்புகள். 1947இல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய நிறுவனம் அது. 1980களில் அதன் டீசல் ஜீப்புகளில் பெஜோ என்ஜின் வந்திருந்தது. எக்ஸ்டிபி 4.90 என்று பெயர். 4 என்பது சிலிண்டர், 90 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். மொத்தம் 2112 சிசி. இப்போதைய கணக்குக்குச் சின்ன என்ஜின்தான். அதை வைத்துக்கொண்டு டிரைவர்கள் ஆளையும் உர மூட்டையையும் ஏற்றி, முதல் கியரிலேயே மணிக்கணக்கில் மலையில் உறுமவிடுவார்கள். வண்டி மெதுவாகப் போவதால் காற்று உள்ளே புகாது, என்ஜின் கொதிக்கும். ஓடையில் இறங்கினால் முன்னால் சுழலும் ஃபேன் சேற்றுத் தண்ணீரை அள்ளி என்ஜின் முழுக்க வீசும். விவரமான டிரைவர்கள் தண்ணீரில் இறங்கும்முன் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திவிடுவார்கள். அவசரக்காரர்கள் அப்படியே இறக்குவார்கள். சேறு தெளிப்பதும் சூட்டில் இறுகுவதும் மறுபடி தெளிப்பதுமாக, பூச்சு மேல் பூச்சாக ஏறிக்கொண்டே போகும்.

"அப்படியே கிடக்கட்டுமே, ஓடுற வண்டிதானே" என்று சொல்லும் முதலாளிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாமா சொன்ன பதில் டீசல் பம்பைப் பற்றியது. பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பாகத்துக்கும் அது நகரும் குழலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். அதோடு சேர்ந்து வரும் வண்டலும் நுண்மணலும் அதைவிடப் பெரியவை. சேறு அப்பிய நிலையில் ஒரு டீசல் பைப்பின் நட்டைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியாத பொடி உள்ளே விழும். பம்பும் நாசிலும் அரைபடத் தொடங்கும். ரிப்பேர் செய்யப்போய் ரிப்பேரை உள்ளே போட்டுவிட்டு வந்த கதை அது. எண்ணெய் எங்கே கசிகிறது, பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்பதும் கழுவினால்தான் தெரியும்.

பையன் முதலில் கையில் எடுத்தது திருப்புளியையும் சுத்தியலையும். பதினாறு வயசு, உடம்பில் வேகம். பிளாக்கின் பக்கவாட்டில் விரல்கனத்துக்கு இறுகிக் கிடந்த செம்மண்ணைக் கொத்திப் பெயர்க்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னடா மாப்ள, கிணறு வெட்டுறியா?" மாமா ஒரு பழைய சணல் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் எடுத்து, என்ஜின் மேல் போர்த்தினார். மேலே இன்னும் ரெண்டு குவளை ஊற்றினார். "போ, போய்ச் சாப்பிட்டுப் படு. காலையில வா."

மறுநாள் காலையில் சாக்கை விலக்கி, மூங்கில் சீவலை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் மண் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. ஒரு பாளத்தைத் திருப்பிப் பார்த்தபோது அதன் உட்பக்கத்தில் பிளாக்கில் வார்த்திருந்த எண்கள் தலைகீழாகப் பதிந்திருந்தன. வார்ப்பட அச்சில் எடுத்த மாதிரி ஒவ்வொரு எண்ணும் கூராக இருந்தது. இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

சாக்கின் ரகசியம் எளிமையானது. களிமண் துகள்கள் உருண்டை அல்ல, தட்டையானவை. ஈரமாக இருக்கும்போது தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும், அதனால் வழுக்கும். தண்ணீர் ஆவியானதும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகப் படியும். என்ஜின் பிளாக்கின் சூடு பெரும்பாலும் 80, 90 டிகிரி செல்சியஸ்தான். அந்தச் சூட்டில் மண் காய்கிறதே தவிர வேகவில்லை. போன தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் போதும், தட்டுகள் தாமாக விலகும். ஆனால் தண்ணீர் அந்த நுண்ணிய இடுக்குகளில் ஊர்ந்து போக நேரம் வேண்டும். குழாயைத் திறந்து பீய்ச்சினால் மேலே வழிந்து ஓடிவிடும். சாக்கு அதைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். தண்ணீரில் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் கலந்தால் ஊடுருவல் இன்னும் சுலபம்.

இதில் மாமா பிடிவாதமாக இருந்த ஒரு விஷயம் பையனுக்கு நெடுநாள் புரியவில்லை. பாதி காய்ந்த சேற்றோடு வண்டி வந்தால் சாக்கைப் போடமாட்டார். வெயிலில் நிறுத்தி முழுக்கக் காயவிடுவார். காய்ந்ததை நனைப்பதற்காகக் காயவைப்பதா? பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். உண்மையில் மண்ணைப் படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். முழுக்கக் காய்ந்த களிமண்ணின் நுண்துளைகளில் காற்று நிறைந்திருக்கும். தண்ணீர் நாலா பக்கமும் நுழையும்போது அந்தக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு அழுத்தம் ஏறி, கட்டியை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டு வெளியேறும். காய்ந்த மண்ணாங்கட்டியைத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டபடி பொலபொலவென்று உதிர்வது அதனால்தான். பாதி ஈரத்தில் தோல்மாதிரி இருக்கும் மண்ணில் அந்தக் காற்று கிடையாது, ஊறவைத்தாலும் அசையாது. ஒன்று பச்சைச் சேறாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகக் காயவிட வேண்டும். நடுவாந்தரம்தான் உயிரை வாங்கும்.

சாக்கு எல்லா இடத்திலும் பலிக்காது. சம்ப்பின் ஓரம், டைமிங் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடம் ஆகியவற்றில் எண்ணெய் கசியாத பழைய ஜீப் எங்கே இருக்கிறது? கசிந்த எண்ணெயில் புழுதியும் சேறும் ஒட்டி, சூட்டில் கெட்டிப்பட்டு, கறுத்த அடை ஒன்று உருவாகியிருக்கும். அதன்மேல் எத்தனை சாக்குப் போட்டாலும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். அங்கே முதலில் சீமெண்ணெய் அல்லது டீசல். அதற்கும் ஒரு முறை உண்டு. எந்தத் திரவமும் படுவதற்கு முன் மேல்அடையை உலர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே சீமெண்ணெய் ஊற்றினால் கைக்கு அடங்காத கறுப்புக் கூழ்தான் மிஞ்சும். சுரண்டியபின் பிரஷ்ஷால் சீமெண்ணெய் தடவி, ஒரு டீ குடித்து வருகிற நேரம் விட வேண்டும். அப்புறம் தேய்ப்பு. அதற்கும் மேல் சோப்புத்தூளை ஈரம் இல்லாமல் தூவி, சீமெண்ணெயோடு குழைத்து, கடைசியில்தான் தண்ணீர். சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைத்து இழுத்துக்கொண்டு போகும். இந்த வரிசை மாறினால் வேலை ரெட்டிப்பு.

எது வெறும் மண், எது எண்ணெய் மண் என்று தெரிந்துகொள்ள மாமா நகத்தால் கீறிப் பார்ப்பார். பொடி உதிர்ந்தால் சாக்கு. நகத்தில் ஒட்டிக்கொண்டு மினுமினுத்தால் சீமெண்ணெய். சுத்தியல் எடுக்கும் பையன்களை அவர் திட்டியதைவிட, கீறிப் பார்க்காமல் சீமெண்ணெய் டப்பாவைத் தூக்கியவர்களைத்தான் அதிகம் திட்டினார். வெறும் மண்மேல் சீமெண்ணெய் ஊற்றுவது காசுக்கும் கேடு, காரியத்துக்கும் கேடு. எண்ணெய் குடித்த மண்ணுக்குள் அப்புறம் தண்ணீர் இறங்காது.

பக்கத்துப் பட்டறை ஒன்றில் அந்த நாளில் பெட்ரோலில் கழுவினார்கள். சீக்கிரம் கரைக்கும், சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் சீமெண்ணெய் சாதாரணச் சூட்டில் எளிதில் பற்றாது. பெட்ரோலின் ஆவியோ உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடியது. தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கும் பீடி நெருப்பைத் தேடிப் பிடிக்கும். மாமாவின் பட்டறையில் பெட்ரோல் வாளிக்கு அனுமதி இல்லை. பீடிக்கு இருந்தது.

இனி மேனிஃபோல்டு. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் அந்த வார்ப்பிரும்புக் குழாய் மற்ற எந்தப் பாகத்தைப்போலவும் அல்ல. முழுச் சுமையோடு ஏற்றத்தில் இழுக்கும்போது டீசல் என்ஜினின் புகை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அந்தச் சூட்டை ஒட்டித்தான் களிமண்ணின் அமைப்புக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீரும் பிரியத் தொடங்கும். அது போய்விட்டால் மண் மறுபடி களியாகாது. மேனிஃபோல்டில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பூச்சு அரைவேக்காட்டுச் செங்கல்தான். சாக்கைப் போர்த்தி ஒரு மாதம் வைத்திருந்தாலும் கரையாது. ஏலக்காட்டு மண்ணாக இருந்தால் அதிலுள்ள இலைமக்கு கருகி, பட்டறை முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். அந்த வாடையோடு எண்ணெய் வாடையும் கலந்து வந்தால் மாமா எல்லா வேலையையும் போட்டுவிட்டு வருவார். எண்ணெய் ஊறிய மண்ணும் காய்ந்த சருகும் மேனிஃபோல்டு பக்கம் தங்குவது தீக்கு வைத்த அழைப்பு.

சூடாக இருக்கும் மேனிஃபோல்டில் தண்ணீரை ஊற்றுவது அடுத்த ஆபத்து. வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது, விரிசல் விடும். ஆறவிட்டு, கழற்றி எடுத்து, மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். சுட்ட மண்ணும் இரும்பும் சூட்டில் விரிவதும் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லை என்பதால் இடையில் ஏற்கெனவே பிரிவு விழுந்திருக்கும். பாதி அந்தத் தட்டலிலேயே உதிர்ந்துவிடும். மீதிக்கு ஒயர் பிரஷ். இங்கே மட்டும் ஒயர் பிரஷ்ஷுக்கு மாமா தடை சொல்லமாட்டார். அதற்கும் மேல் ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம். மேனிஃபோல்டைப் பளபளக்க வைக்க ஒரு பகல் செலவழிப்பவர் மலையேறி இறங்கியபின் அதைப் போய்ப் பார்க்கட்டும்.

அலுமினியத்தின் கதை வேறு. பிளாக்கு போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களின் எண்ணெய்க் கசடைப் போக்கக் காஸ்டிக் சோடா கரைசலில் போடும் வழக்கம் பல ஊர்ப் பட்டறைகளில் உண்டு. வெந்நீரில் கரைத்தால் இரும்பு ஒரே நாளில் வெறும் இரும்பாகக் கிடைக்கும். 1990களின் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், இரும்புப் பாகங்களோடு சேர்த்துத் தெர்மோஸ்டாட் மூடியையும் அந்தத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனான். அது அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தொட்டி தானே கொதிப்பதுபோல நுரைத்ததைப் பார்த்து ஆட்கள் ஓடிவந்தார்கள். குச்சியால் எடுத்துப் பார்த்தால் மூடி கறுத்து, பேக்கிங் உட்காரும் முகம் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது. மாமா பையனை அடிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, மதுரைக்குப் போய் வேறு மூடி வாங்கிவரச் சொன்னார். விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அன்றிலிருந்து புதிதாக வரும் பையன்களுக்கு ஒரு காந்தத் துண்டு கொடுக்கப்பட்டது. காந்தம் ஒட்டினால் தொட்டி, ஒட்டாவிட்டால் சோப்புத் தண்ணீர்.

மண்ணெல்லாம் போனபிறகும் அலுமினியத்தில் ஒரு செங்கறை நிற்கும். அது மண்ணல்ல, மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுத்த இரும்பு ஆக்சைடு. சோப்பும் சீமெண்ணெயும் அதைத் தொடாது. ஆக்சாலிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துத் தடவி, சற்று நேரத்தில் கழுவினால் இளகும். அந்த அமிலம் இரும்பு ஆக்சைடைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பழைய ஜீப்புகளின் பித்தளை ரேடியேட்டர் தொட்டியை மட்டும் மாமாவின் வீட்டம்மா ஒருமுறை புளி வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். குத்துவிளக்கு தோற்றது. வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆயுத பூஜைக்கு மட்டும் இப்படிச் செய்து தரமுடியுமா என்று கேட்டார். கறை இருந்தால் என்ஜின் ஓடாமல் போகாது என்பதால், கேட்டால் ஒழிய மாமா கறைக்கு மெனக்கெடவில்லை.

அதே ரேடியேட்டரின் இதழ்களுக்கு மெனக்கெட்டார். காற்று போகும் அந்த மெல்லிய தகடுகளின் நடுவே சேறு அடைத்தால் என்ஜின் கொதித்து ஹெட் பேக்கிங் போய்விடும். காற்று முன்னாலிருந்து உள்ளே வருவதால் சேறும் முன்பக்கமிருந்துதான் அடைக்கும். அதே பக்கமிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். என்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுமாறு, வேகம் இல்லாமல் ஊற்ற வேண்டும். தகடு வளைந்தால் சேறு இல்லாமலே அடைப்புதான்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அல்லது சூடு ஆறும்முன், டீசல் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் படவே கூடாது. வெளிக்கூடு சட்டென்று சுருங்கும், உள்ளே சுழலும் பாகம் சூட்டில் விரிந்தே இருக்கும். இருப்பதே 2, 3 மைக்ரான் இடைவெளி. பம்பு அப்படியே இறுகிப் பிடித்துவிடும். எங்கோ வழியில் சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியை ஓடவிட்டே கழுவி, கழுவிய இடத்திலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்த ஜீப்புகளை அவர் பார்த்திருக்கிறார். ஓடை விஷயத்திலும் இதே சூடு குளிர்ச்சிதான் எமன். சக்கர அச்சுக்குள் இருக்கும் காற்று வெளியே போய்வர பிரீதர் என்று ஒரு சின்ன மூக்கு இருக்கும். சேறு அதை அடைத்துவிட்டால், சூடான அச்சு ஓடைக்குள் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை வடித்தால் வெளுத்து நுரைத்து வரும். பிரீதரைச் சுத்தம் செய்ய ஒரு மெல்லிய கம்பியும் நாலு நிமிஷமும் போதும். அதைச் செய்யாமல் விட்டால் பேரிங்கில் தொடங்கிக் கிரவுன் பினியன் வரை செலவு வைக்கும்.

2000களில் பிரஷர் வாஷர் வந்தது. ஒரே அழுத்தில் 100 பார் அளவுக்கு மேல் தண்ணீர் பீய்ச்சும் யந்திரம். இளசுகளுக்குச் சாக்கும் மூங்கில் சீவலும் கேலிப்பொருளாயின. அதற்குள் மாமா காலமாகி, பழைய பையன் பட்டறைக்காரர் ஆகியிருந்தார். அவரும் ஒன்று வாங்கினார். சேஸுக்கும் சக்கரத்துக்கும் அதைவிட நல்ல ஆயுதம் இல்லை என்று இன்றும் சொல்கிறார். என்ஜின் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோக விடுவதில்லை. அந்த வேகம் ஆல்டர்னேட்டரின் பேரிங்குக்குள்ளும் செல்ஃப் மோட்டாருக்குள்ளும் ஆயில் சீல் ஓரத்திலும் சேற்றைக் கழுவாது, உள்ளே ஏற்றும். அன்றைக்குப் பளிச்சென்று போன வண்டி பத்து நாளில் ஆல்டர்னேட்டர் கத்துகிறது என்று வரும்.

புதிய வண்டிகளில் விஷயம் இன்னும் சிக்கல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் டீசல் ஜீப்புகளில் சென்சாரும் ஒயர் கனெக்டரும் நிறைந்துவிட்டன. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி வரை சூடேறும். அதன்மேல் சருகும் சேறும் தங்குவது பழைய மேனிஃபோல்டைவிட அபாயம். கனெக்டர்களுக்கு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. சாக்கின் இடத்துக்கு இப்போது பழைய பருத்தி வேட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பானெட்டைத் திறந்ததும் என்ஜின் மினுமினுவென்று இருந்தால் முகம் சுளிப்பார். டீசலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் எந்தக் கிழட்டு என்ஜினும் ஒரு பகலுக்கு ஜொலிக்கும், கசிவும் தெரியாது. உலர்ந்த செம்மண் சீராகப் படிந்த என்ஜினைக் கண்டால் சந்தோஷப்படுவார். எங்கே மண் கறுத்திருக்கிறதோ அங்கே கசிவு, எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே சூடு. இதற்கு மேல் வண்டியின் ஜாதகம் எதற்கு?

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. சாக்கடை, வாய்க்கால், அப்புறம் எவருடைய வயலோ. பயன்படுத்திய எண்ணெயை மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தியிருக்கின்றன. இப்போது பட்டறையின் பின்பக்கம் ரெண்டு பேரல்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவதில் மண் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்துச் சேர்த்துவைத்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிறார். மண்ணிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஜர்ரா மரக்காடுகளை அழிக்கும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி வண்டிச் சேற்றோடு காடுவிட்டுக் காடு போகிறது என்பதால், அங்கே காட்டுப் பாதைகளில் வண்டியைக் கழுவிவிட்டு நுழையும் முறை உண்டு. நம் ஏலக்காயை மழைக்காலத்தில் அழுகவைப்பதும் அதே பைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்த கிருமிதான். ஒரு தோட்டத்துச் சேற்றை இன்னொரு தோட்டத்து வாசலில் உதிர்க்கும் ஜீப்புகளைப் பற்றி ஏலத்தோட்டக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மழைக்காலத்தில் சொந்த ஜீப்பில் போடிமெட்டு, சூரியநெல்லிப் பக்கம் போய்வருகிறவர்களிடம் அவர் கேட்பது இதுதான். இறங்கியதும் வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சேறு பச்சையாக இருக்கும் அன்றைக்கே, வாளித் தண்ணீரோ தோட்டத்துக் குழாயோ வைத்து, ரேடியேட்டரையும் அச்சையும் மேனிஃபோல்டின் சுற்றுப்புறத்தையும் மெதுவாக அலசிவிடுங்கள். பிரீதரை விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஓடையில் இறக்கி மட்டும் கழுவாதீர்கள், கீழே இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.